வீட்டில் செய்யும் மூலிகை ஊறல்: செய்முறையும் எச்சரிக்கையும்



போன மாதம் கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டு, மடியில் இருந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் காட்டினார். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும், மூடியிலேயே சொட்டு விடும் குழாய். கொழும்பில் வேலை செய்யும் மகள் வாங்கி அனுப்பியதாம். துளசி டிஞ்சர்.

"ஐயா, இது ஆயிரத்து எட்டுநூறு ரூவாயாம். நம்ம வூட்டு வாசல்ல மொளைக்கிற துளசிதானுங்களே? நாமளே போட்டு வச்சுக்க முடியாதுங்களா?"

நியாயமான கேள்வி. அந்த இடத்தில் நின்றுகொண்டு இரண்டு வார்த்தையில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த முறை சுகாதாரப் பாடத்துக்கு இதையே எடுத்துக்கொண்டேன்.

டிஞ்சர் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. தோட்டத்து டிஸ்பென்சரியில் காயத்துக்குத் தடவிய டிஞ்சர் அயடீனை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த எரிச்சல் லேசில் மறக்காது. மருந்துச் சரக்கை மதுசாரத்தில் கரைத்து அல்லது ஊறவைத்து எடுப்பதுதான் டிஞ்சர். வேறு மாயம் ஒன்றும் அதில் இல்லை.

மூலிகையில் இருக்கும் சத்தை எதில் இறக்குவது என்பதுதான் இந்தக் கைவேலையின் முக்கியம். இதை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை, நீங்கள் தினம் செய்வதுதான். கொதித்த தண்ணீரைத் தேயிலைத் தூளில் ஊற்றி மூடி வைத்தால் மூன்று, நான்கு நிமிடத்தில் சாயம் இறங்கிவிடுகிறது. அதே தூளைப் பச்சைத் தண்ணீரில் போட்டால் மணிக்கணக்காகும். தேயிலைக் குச்சியைப் போட்டால் சுடுதண்ணீரிலும் ஒழுங்காக இறங்காது, கொதிக்கவே வைக்க வேண்டும். மூலிகையும் அப்படித்தான். துளசி, கற்பூரவள்ளி போன்ற மெல்லிய இலைகளுக்குச் சுடுதண்ணீர் போதும். வேர், பட்டை, காய்ந்த தண்டு எல்லாம் கொதித்து வற்ற வேண்டும். பிசினும் வாசனை எண்ணெயும் தண்ணீருக்குச் சரியாக இறங்காது. எண்ணெயிலோ மதுசாரத்திலோதான் இறங்கும். மதுசாரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. அதில் பூஞ்சணம் பிடிக்காது, வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். கடைக்காரர் சொட்டுக் கணக்கில் விற்பது அதனால்தான்.

செய்முறையையும் ஒளிக்காமல் சொல்கிறேன். காய்ந்த மூலிகை 100 கிராமுக்கு 500 மில்லிலீற்றர் மதுசாரம் என்பது வழக்கமான கணக்கு. நூற்றுக்கு 40 பங்காவது சுத்தமான மதுசாரம் உள்ளதாக அது இருக்க வேண்டும். கண்ணாடிப் போத்தலில் இட்டு, வெயில் படாத இடத்தில் வைத்து, தினம் ஒரு தடவை குலுக்கி, இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து வடித்து எடுப்பார்கள். அவ்வளவுதான்.

ஆனால் நம் லயத்துக் காம்பராவில் இதைச் செய்யச் சொல்லி நான் எழுதமாட்டேன். கடைச் சாராயத்தில் மதுசாரம் பொதுவாக நூற்றுக்கு 33 முதல் 37 பங்கு வரைதான். அதில் பச்சைத் துளசியைப் போட்டால் இலையில் உள்ள தண்ணீரும் சேர்ந்து கால்வாசிக்கு இறங்கிவிடும். பிறகு அது மாதக்கணக்கில் தாங்கும் என்று நம்ப முடியாது. இது சின்னக் காரணம். பெரிய காரணம் உங்களுக்கே தெரியும். ஒரு தடவைக்கு முப்பது சொட்டு என்று குடித்தால் வளர்ந்த ஆளுக்கு அதில் போகும் சாராயம் கொஞ்சம்தான். அந்த முப்பது சொட்டுக்காக முழுப் போத்தல் சாராயம் வீட்டுக்குள் வந்து உட்காருகிறதே, அதுதான் எனக்குப் பயம். சம்பள நாள் இரவுகளில் நம் லயங்களில் நடப்பதை நான் இங்கே எழுத வேண்டுமா? கஷ்டப்பட்டுக் குடியை நிறுத்திய மனிதர் இருக்கும் வீட்டில் "மருந்துதானே" என்று ஒரு போத்தல் இருந்தால் அவர் என்ன செய்வார்? கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் சாராயம் சேர்ந்த மருந்து சொட்டுக்கூட வேண்டாம்.

கசிப்பில் ஊறவைப்பதாக ஒருவர் என்னிடம் பெருமையாகவே சொன்னார். கசிப்பு சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். அதில் என்ன கலந்திருக்கிறது என்று காய்ச்சியவனுக்கே தெரியாது. மெதனோல் என்ற விஷ மதுசாரம் கலந்திருந்தால் கண் பார்வை போகும், உயிரும் போகும். மூலிகை போட்டதால் அந்த விஷம் முறியாது. அதேபோல ஊசி போடும்போது தடவுகிற ஸ்பிரிட்டும் குடிக்கிற சாமான் அல்ல. இன்னுமொன்று, மதுசாரம் உள்ள எதையும் அடுப்பில் வைத்துச் சூடாக்கக் கூடாது. அதன் ஆவி பற்றிக்கொண்டால் ஒரு காம்பரா மட்டும் எரியாது, லயமே எரியும்.

"அப்போ அரிட்டத்துல சாராய வாசம் அடிக்குதே, அது மட்டும் சரியா?" என்று கேட்பீர்கள். ஆயுர்வேத அரிட்டத்தில் சாராயத்தை ஊற்றுவதில்லை. கசாயத்தில் கருப்பட்டியோ சர்க்கரையோ சேர்த்துப் புளிக்க வைக்கும்போது மதுசாரம் தானாக உண்டாகிறது. அது அனுபவம் உள்ளவர்கள் அளவாகச் செய்வது. வீட்டில் புளிக்க வைத்துப் பார்க்க வேண்டாம்.

இந்த இடத்தில் என் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

2018ஆம் ஆண்டு, நான் வேறொரு தோட்டத்தில் இருந்தபோது, மழைக்காலத்துக்கு முன் பிள்ளைமடுவத்தில் தாய்மாருக்குக் கைமருந்து வகுப்பு வைத்தேன். இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். அன்றைக்கு இரண்டு சாமான் செய்து காட்டினேன். ஒன்று இருமலுக்கு இஞ்சிப் பாணி. மற்றது நெஞ்சில் தேய்க்கத் தேங்காய் எண்ணெயில் கற்பூரம் உருக்கியது. ஆளுக்கு இரண்டு போத்தலாக ஊற்றிக் கொடுத்தேன். இரண்டும் டிஸ்பென்சரியில் சேர்த்து வைத்த பழைய இருமல் மருந்துப் போத்தல்கள். ஒரே நிறம், ஒரே அளவு. வகுப்பு நன்றாக நடந்தது என்று சந்தோசமாகத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஒன்பது நாள் கழித்து இரவு பத்து மணி இருக்கும். மழை. கதவைத் தட்டினார்கள். மேட்டு லயத்தில் மூன்று வயதுப் பெண் பிள்ளைக்கு இழுப்பு வந்துவிட்டது. தாய் வெளிநாட்டில், அம்மாயிதான் வளர்க்கிறார். பிள்ளை இருமுகிறதே என்று எழும்பி, கரண்ட் இல்லாததால் குப்பி விளக்கு வெளிச்சத்தில், போத்தலை எடுத்து ஒரு கரண்டி கொடுத்திருக்கிறார். கால் மணி நேரத்தில் பிள்ளை வாந்தி எடுத்து, கை கால் வெட்டி இழுத்திருக்கிறது. வாயெல்லாம் கற்பூர வாசம்.

தோட்டத்து லொறியில் கொண்டு போனோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இன்னொரு தடவை இழுத்தது. அம்மாயி ஒரு வார்த்தை பேசவில்லை, பிள்ளையின் காலைப் பிடித்தபடியே இருந்தார். அங்கே டாக்டர் போத்தலை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, "இதை யார் செய்து கொடுத்தது?" என்று கேட்டார். அம்மாயி என்னைப் பார்த்தார். "நான்தான்" என்றேன். டாக்டர் ஏசவில்லை. ஒரு தேக்கரண்டி கற்பூர எண்ணெயே அந்த வயதுப் பிள்ளையின் உயிரை எடுக்கப் போதும் என்று மட்டும் சொன்னார். பிள்ளை பிழைத்தது. மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அடுத்த ஒரு வாரம் நான் லயம் லயமாகப் போய், கொடுத்த கற்பூரப் போத்தலையெல்லாம் திரும்ப வாங்கினேன். இரண்டு போத்தல் கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நான் வகுப்பில் கற்பூர எண்ணெய் செய்வதில்லை. நீங்களும் பிள்ளைகள் உள்ள வீட்டில் வைக்க வேண்டாம். சின்னப் பிள்ளைகளின் மூக்கடியிலும் தடவ வேண்டாம். தவறி எதையாவது குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர் ஒன்றும் கொடுக்காதீர்கள். 1990க்கு அடித்தால் இலவச அம்புலன்ஸ் வரும். குடித்த போத்தலையும் கையோடு கொண்டு போங்கள். எதைக் குடித்தது என்று தெரிந்தால்தான் டாக்டருக்கு வைத்தியம் செய்ய இலகு.

இனி, தைரியமாகச் செய்யக்கூடியவற்றுக்கு வருவோம்.

தடிமனுக்கும் இருமலுக்கும் நம் வீடுகளில் முதலில் வருவது மல்லித் தண்ணிதான். இரண்டு மேசைக்கரண்டி கொத்தமல்லியை வாசம் வரும்வரை லேசாக வறுத்து, கட்டைவிரல் அளவு இஞ்சியைத் தட்டிப் போட்டு, நான்கு கோப்பைத் தண்ணீர் ஊற்றி, இரண்டு கோப்பையாக வற்ற விடுங்கள். பெரியவர்கள் ஒரு நாளைக்கு இரண்டு தடவை குடிக்கலாம். சிங்கள ஆட்கள் போடும் பஸ்பங்குவவும் இதன் அண்ணன்தான். கொத்தமல்லி, இஞ்சி, பற்படாகம், கண்டங்கத்தரி, வெனிவெல் என்று ஐந்து சரக்கு, எட்டுக் கோப்பைத் தண்ணீரை ஒரு கோப்பையாக வற்ற வைப்பது. கடையில் பக்கெற்றாகவே கிடைக்கிறது. எதுவானாலும் காலையில் வைத்த கசாயத்தை அன்று இரவோடு முடித்து, மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். நாளைக்கு ஆகும் என்று மூடி வைக்காதீர்கள். தண்ணீரில் இறக்கியது கெட்டுப்போகும். சாராயத்தில் இறக்கியதுபோல அதற்குக் காவல் கிடையாது. அலுமினியச் சட்டியை விட மண் சட்டியோ எவர்சில்வரோ நல்லது.

ஆடாதோடை இலை சளிக்கு நல்லது. ஆனால் கர்ப்பப்பையை இறுக்கும் குணம் அதற்கு உண்டு. வயிற்றில் பிள்ளை இருக்கும் பெண்கள் தொடவே கூடாது.

இஞ்சிப் பாணியை இப்போது நான் போத்தலில் செய்து வைப்பதில்லை. தேவைப்படும்போது இஞ்சியைத் துருவிப் பிழிந்து, அரைத் தேக்கரண்டிச் சாற்றுக்கு ஒரு தேக்கரண்டி தேன் சேர்த்துக் கொடுத்தால் போதும். ஒரு வயது முடியாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே வேண்டாம், நாக்கில் தடவவும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்து அந்த வயதுக் குடலில் முளைத்து, நஞ்சு உண்டாக்கி, உடம்பைத் தளரச் செய்துவிடும். பேர் வைக்கிற அன்று தேன் தொட்டு வைக்கும் வழக்கம் உள்ள குடும்பங்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெரியவர்கள் கோபித்தால் என் பேரைச் சொல்லுங்கள்.

சாராயம் இல்லாமல் ஊறல்தான் வேண்டும் என்றால் தென்னை வினாகிரி இருக்கிறது. நிழலில் காய்ந்த துளசி அல்லது சீவிக் காய்ந்த இஞ்சி ஒரு பங்கு, வினாகிரி ஐந்து பங்கு. போத்தலைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஈரமில்லாமல் காயவிட்டு, நிரப்பி, இரண்டு வாரம் வையுங்கள். தகர மூடி துருப்பிடிக்கும், பிளாஸ்ரிக் மூடி போடுங்கள். வடித்து எடுத்ததில் ஒரு தேக்கரண்டியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். சாராயத்தில் இறங்குகிற அளவுக்கு வாசனைச் சத்து இதில் இறங்காது, உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் தொண்டைக் கரகரப்புக்கு இதமாக இருக்கும். கடையில் செயற்கை வினாகிரியும் விற்கிறார்கள், லேபலைப் பார்த்து வாங்குங்கள். வயிற்றெரிச்சல் உள்ளவர்களுக்கு இது ஒத்துவராது. நம் பெண்களில் பாதிப் பேர் காலையில் வெறும் தேத்தண்ணியோடு மலைக்கு ஏறுகிறவர்கள், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கால் உளைவு, மூட்டு வலிக்கு நொச்சி எண்ணெய். நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்தெடுக்கும் கால்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. நொச்சி இலையை அரைத்த விழுது கால் கோப்பை, தேங்காய் எண்ணெய் ஒரு கோப்பை, நொச்சி இலைச் சாறு அல்லது கசாயம் நான்கு கோப்பை. பழைய வைத்தியக் கணக்கு இது: விழுது ஒன்று, எண்ணெய் நான்கு, சாறு பதினாறு. பாத்திரம் பெரிதாக இருக்கட்டும், நுரைத்துப் பொங்கும். மெல்லிய நெருப்பில் தண்ணீர் வற்றும்வரை கிண்டுங்கள். பதம் பார்ப்பதுதான் கெட்டித்தனம். அடியில் உள்ள விழுதை எடுத்து இரண்டு விரலால் உருட்டினால் திரிபோல வர வேண்டும். பஞ்சுத் திரியை எண்ணெயில் நனைத்து, அடுப்பை விட்டுத் தள்ளி வந்து கொளுத்திப் பாருங்கள். படபடவென்று வெடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் இறக்கலாம். ஈரம் நின்ற எண்ணெய் சீக்கிரம் காறிப்போகும். வெளியில் பூச மட்டும்.

மூலிகை பறிக்கும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தேயிலைச் சாலுக்குள் வல்லாரை செழிப்பாகக் கிடக்கிறது என்று பிடுங்கி வருகிறீர்கள். அந்த மலைக்குப் புல் மருந்து எப்போது அடித்தார்கள் என்று கேட்டீர்களா? அடித்து ஒரு மழை பெய்தால் வாசம் போய்விடும், மருந்து போய்விடாது. கானோரத்திலும் பீலிக்குக் கீழேயும் பிடுங்குவதும் அப்படித்தான். வாசலில் ஒரு பழைய சாக்கில் மண் போட்டு நட்டுக்கொள்ளுங்கள். வல்லாரை, துளசி, கற்பூரவள்ளி மூன்றும் அதில் நன்றாக வரும். மருந்தடித்த வெறும் கேனைக் கழுவித் தண்ணீரோ கசாயமோ எண்ணெயோ வைக்கிற பழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் இன்றோடு விடுங்கள். எத்தனை தடவை கழுவினாலும் அது மருந்துக் கேன்தான்.

பச்சையாக இருப்பதெல்லாம் நல்லது என்று நினைக்க வேண்டாம். ஈஸ்வரமூலி சிறுநீரகத்தைக் கெடுப்பது, புற்றுநோயும் உண்டாக்குவது. சலரோகத்துக்கு நல்லது என்று காமரங்காச் சாற்றை, பிலிம்பிச் சாற்றை வெறும் வயிற்றில் கிளாஸ் கணக்கில் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இந்த நாட்டிலேயே இருக்கிறார்கள். கொத்தல ஹிம்புட்டுக் கோப்பையில் தண்ணீர் ஊறவைத்துக் குடிப்பவர்கள் கிளினிக் மாத்திரையும் சேர்த்துப் போட்டால் சீனி அளவுக்கு மேல் இறங்கி மயக்கம் வரலாம். கிளினிக்குக்குப் போகும்போது, வீட்டில் என்ன மூலிகை குடிக்கிறீர்கள் என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஏசுவார் என்று பயந்து மறைப்பது நம் ஆட்களிடம் இருக்கிற பெரிய குறை.

காய்ச்சல் விசயம் தனி. 2017ஆம் ஆண்டு மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். மலை குளிர், இங்கே நுளம்பு வராது என்ற காலம் போய்விட்டது. காய்ச்சலுக்கு மல்லித் தண்ணி குடிப்பதில் தப்பில்லை. ஆனால் காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தம் சோதிக்க வேண்டும். பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், இபுபுறோபன் போன்ற வலி மாத்திரை எதுவும் போடக்கூடாது, அவை டெங்கில் இரத்தக் கசிவைக் கூட்டும். பப்பாசி இலைச் சாறு கொடுத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்று வீட்டில் உட்கார்ந்திருக்கவும் கூடாது. காய்ச்சல் விட்ட பிறகு வயிற்று வலி, விடாத வாந்தி, கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல் இருந்தால் அது சுகமான காய்ச்சல் அல்ல. டெங்கு மோசமாவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். அரைநாள் சம்பளத்தைப் பார்க்காமல் கிளம்புங்கள்.

போத்தல் விசயத்தை முடித்துவிடுகிறேன். செய்த சாமானின் பெயர், செய்த திகதி, உள்ளுக்கா வெளிப்பூச்சுக்கா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். தாளும் பசையும் என் அறையில் இருக்கிறது, வேலை முடிந்து வரும்போது வாங்கிக்கொள்ளலாம். பூசுகிற சாமானும் குடிக்கிற சாமானும் ஒரே மாதிரிப் போத்தலில் இருக்கக் கூடாது, ஒரே தட்டிலும் இருக்கக் கூடாது. எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களும் வீட்டில் மருந்து எடுக்கிறார்கள், கரண்ட் போன இரவிலும் எடுக்கிறார்கள். ஆகவே பூசுகிற போத்தலின் கழுத்தில் ஒரு துணித் துண்டை முடிச்சுப் போட்டுக் கட்டுங்கள். இருட்டில் கை பட்டாலே தெரியும். இந்த யோசனை என்னுடையது அல்ல, அந்த மேட்டு லயத்து அம்மாயியினுடையது. ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மறுநாளே, தன் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, பக்கத்துக் காம்பராக்காரர்களுக்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.